“வேண்டாம்” என்பவரிடம் எத்தனை முறை போவது?

கேள்வி, நவம்பர் 4

தெருவில் வாழ்பவர்களுக்காக வேனில் சுற்றும் நடமாடும் உதவிக் குழுவில் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. எங்கள் சுற்றில் மேம்பாலத்தின் கீழே ஒருவர் இருக்கிறார். போர்வை நீட்டினால் வேண்டாம், தண்ணீர் வேண்டாம், காப்பகம் வேண்டாம், செவிலியர் வந்து பார்க்கட்டுமா என்றால் அதுவும் வேண்டாம். ஒன்பது முறை போய்விட்டேன். உடன் வருபவர், “விட்டுவிடு, உதவி கேட்பவர்களே நிறையப் பேர் காத்திருக்கிறார்கள்” என்கிறார். அவர் சொல்வது சரிதானா?

நவம்பர் 4, இரவு 11.20

ஒன்பது முறை என்பது ஒன்றுமே இல்லை. பதினொரு ஆண்டுகளாக இப்படிப்பட்ட வேனில் ஏறி இறங்குகிறேன். எனக்கு வாய்த்த மிக நீண்ட “வேண்டாம்” பதினான்கு மாதம் நீடித்தது. வாரத்துக்கு இரண்டு முறை போவேன், வேண்டாம் என்பார், திரும்பிவிடுவேன். பதினைந்தாம் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, “நகவெட்டி இருக்கிறதா?” என்று கேட்டார். வேனில் போர்வை இருந்தது, மருந்துப் பெட்டி இருந்தது, காலுறை நாற்பது ஜோடி இருந்தது. நகவெட்டி இல்லை. என் சாவிக்கொத்தில் தொங்கியதைக் கழற்றிக் கொடுத்தேன். அடுத்த முறை போனபோது துடைத்துத் திருப்பிக் கொடுத்தார்.

உங்கள் சக பணியாளர் சொல்வது பாதி சரி. கேட்பவர்கள் நிறையத்தான் இருக்கிறார்கள். ஆனால் கேட்கத் தெரிந்தவர் எப்படியாவது ஒரு வாசலைக் கண்டுபிடித்துவிடுவார். வேன் எதற்காக ஓடுகிறது? எந்த வாசலுக்கும் வராதவரிடம் நாமே போவதற்குத்தானே?

நவம்பர் 5, காலை

நேற்று தூக்கக் கலக்கத்தில் எழுதினேன், முக்கியமானதை விட்டுவிட்டேன். ஒன்பது முறை போனீர்கள், சரி. எப்படிப் போனீர்கள்?

தெருவில் படுத்திருப்பவரை நாள் முழுவதும் யாராவது எழுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். காவலர் எழுப்புவார், கடை திறப்பவர் எழுப்புவார், கூட்டிப் பெருக்குபவர் எழுப்புவார். யாரிடமும் அவர் “முடியாது” என்று சொல்ல முடியாது. பயமில்லாமல் மறுத்துப் பேசக்கூடிய ஒரே ஆள் நீங்கள்தான். அந்த “வேண்டாம்” அவருடைய அன்றைய நாளில் அவரே எடுத்த ஒரே முடிவாக இருக்கலாம். அதைத் தோல்வி என்று ஏன் நினைக்கிறீர்கள்?

தலைமாட்டில் போய் நிற்காதீர்கள். கால்மாட்டுப் பக்கம், நாலைந்து அடி தள்ளி நின்று, யார் என்று சொல்லுங்கள். தூங்குபவரைத் தொட்டு எழுப்பவே கூடாது. குந்தி உட்காருங்கள், ஆனால் அவர் எழுந்து போகும் வழியை மறித்து உட்காராதீர்கள். அவருடைய விரிப்பில் கால் படக் கூடாது, அதுதான் அவர் வீட்டு வாசற்படி. கையில் பலகையும் படிவமும் பேனாவுமாகப் போகாதீர்கள். மழைக்காலத்தில் டார்ச்சை முகத்தில் அடித்த ஒருவரை எனக்குத் தெரியும், நான்தான்.

நவம்பர் 5, மாலை

திருத்தம். பழைய குறிப்பேட்டைப் புரட்டினேன். பதினான்கு மாதம் அல்ல, பதினொன்று. என் பெருமைக்காக நினைவு மூன்று மாதத்தைக் கூட்டிப் போட்டிருக்கிறது. நகவெட்டி உண்மை. செவ்வாய்க்கிழமை அல்ல, வியாழன்.

நவம்பர் 8

“காப்பகம் இருந்தும் ஏன் போக மாட்டேன் என்கிறார்கள்?” என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். போகாதவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். கணவனையும் மனைவியையும் தனித்தனிக் கட்டடத்துக்கு அனுப்புவார்கள். நாயை உள்ளே விட மாட்டார்கள். இரண்டு பைக்கு மேல் கொண்டுவரக் கூடாது, மற்றதை வெளியே விட்டால் காலையில் இருக்காது. மாலையில் குறித்த நேரத்துக்குள் வரிசையில் நிற்க வேண்டும், இரவுப் பணிக்குப் போகிறவரால் அது முடியாது. (ஆமாம், வேலைக்குப் போய்க்கொண்டே தெருவில் தூங்குபவர்கள் இருக்கிறார்கள்.) சென்ற முறை போனபோது பக்கத்துக் கட்டில்காரர் அடித்தார். பெண்கள் இதைவிடக் கடுமையான காரணங்கள் சொல்வார்கள், சொல்லாமலும் விடுவார்கள்.

இத்தனையையும் ஒரே சொல்லில் சுருக்கினால் “வேண்டாம்” என்று வரும். நாம் அதைப் “பிடிவாதக்காரர்” என்று எழுதிக்கொள்கிறோம்.

நவம்பர் 9

நாய் பற்றி மேலும் ஒரு வரி. நாய்க்குத் தீனி கொண்டு போனால் நாயின் பெயர் தெரியவரும். அதற்கு இரண்டு வாரம் கழித்து மனிதரின் பெயர். வரிசை மாறியதாக எனக்கு நினைவில்லை.

நவம்பர் 15

“காலுறையும் போர்வையும் கொடுத்துக் கொடுத்தே இவர்களைத் தெருவிலேயே வைத்திருக்கிறீர்கள்” என்று எழுதியவருக்கு. இந்தக் குற்றச்சாட்டைப் பதினொரு ஆண்டாகக் கேட்கிறேன். முதல் மூன்று ஆண்டு கோபம் வந்தது. பிறகு, இரவு இரண்டு மணிக்கு வேனைக் கழுவும்போது எனக்கே அப்படித் தோன்ற ஆரம்பித்தது.

முதலில் காலுறை பற்றிய பதில். உங்களால் காலணியைக் கழற்றாமல் எத்தனை நாள் இருக்க முடியும்? தெருவில் கழற்றி வைத்தால் காலையில் காலணி இருக்காது, எனவே போட்டுக்கொண்டே தூங்குகிறார்கள். மழையில் நனைந்தது உள்ளேயே ஊறுகிறது. தண்ணீர் உறையும் அளவுக்குக் குளிர வேண்டியதில்லை, சாதாரணக் குளிரும் விடாத ஈரமுமே போதும். தோல் வெளுத்துச் சுருங்கி மரத்துப்போகும். பிறகு சூடு கண்டதும் சிவந்து வீங்கி எரியும். முதல் உலகப் போரில் பதுங்குகுழிச் சேற்றில் நின்ற வீரர்களுக்கு வந்த அதே நோய்தான். அதை முன்கூட்டியே தடுக்க ஒரு ஜோடி உலர்ந்த காலுறை போதும். தாமதித்தால் மருத்துவமனை, அதற்கும் பிறகு அறுவை சிகிச்சை.

அமெரிக்காவின் பாஸ்டனில் 1985-இல் வீடற்றோருக்கான மருத்துவத் திட்டத்தில் சேர்ந்த இளம் மருத்துவர் ஜிம் ஓகானலுக்குக் காப்பகத்துச் செவிலியர்கள் கொடுத்த முதல் வேலை, ஸ்டெதாஸ்கோப்பைப் பைக்குள் வைத்துவிட்டு வருபவர்களின் கால்களை நீரில் ஊறவைத்துக் கழுவுவது. படித்து முடித்த மருத்துவருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசிக்கிறேன். ஆனால் அந்தச் செவிலியர்களுக்குத் தொழில் தெரிந்திருக்கிறது. கால் கழுவும்போது நாம் தாழ்ந்து உட்கார்கிறோம், அவர் உயர்ந்து உட்கார்கிறார். தெருவில் வாழ்பவருக்கு வேறு எங்கே அந்த உயரம் கிடைக்கிறது? வாய் தானாகத் திறக்கும்.

நவம்பர் 16

ஆனால் அவர் கேட்டதன் மறுபாதிக்கு நான் பதில் சொல்லவில்லை. இரவு முழுவதும் உறுத்தியது.

காலுறை வீடு ஆகாது. அது எனக்கும் தெரியும். 1992-இல் நியூயார்க்கில் சாம் சம்பெரிஸ் என்ற உளவியலாளர் வழக்கமான ஏணியைத் தலைகீழாகத் திருப்பினார். அதுவரை முதலில் குடியை விடு, மருந்து சாப்பிடு, ஒழுங்காக நடந்து காட்டு, கடைசியில் வீடு என்று இருந்தது. அவர் முதலில் வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு, மற்றதை அவர்கள் விருப்பத்துக்கு விட்டார். கனடா 2009-இல் தொடங்கி ஐந்து நகரங்களில், ஏறத்தாழ இரண்டாயிரம் பேரை வைத்து இதைச் சோதித்தது. இப்படி வீடு பெற்றவர்கள், வழக்கமான சேவைகளை நம்பி விடப்பட்டவர்களைவிட அதிக நாள் வீட்டில் நிலைத்தார்கள். பின்லாந்து 2008 முதல் இதையே நாட்டின் கொள்கையாக்கி, பெரிய இரவுக் காப்பகங்களைத் தனி வீடுகளாக மாற்றிக் கட்டியது.

ஆகவே வீட்டுக்கு எதிராக வேனை நிறுத்துவது வீண் சண்டை. சாவி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மேம்பாலத்தின் கீழே இருப்பவரிடம் அதை யார் கொண்டு போய்க் கொடுப்பது? முன்பின் தெரியாதவர் வந்து “உங்களுக்கு வீடு” என்றால் நீங்கள் நம்புவீர்களா? நான் நம்ப மாட்டேன்.

சாவியே இல்லாத ஊரில் வேன் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தால் குற்றம் சாட்டியவர் சொல்வது உண்மைதான். இதை ஒப்புக்கொள்ள எனக்குப் பதினொரு ஆண்டு ஆகியிருக்கிறது.

நவம்பர் 23

மாதாந்தர அறிக்கை அனுப்பும் வாரம். எங்கள் படிவத்தில் நான்கு கட்டங்கள்: ஏற்றார், அனுப்பிவைக்கப்பட்டார், இடத்தில் இல்லை, மறுத்தார். “நாற்பது நிமிடம் பேசினோம், போர்வை வாங்கவில்லை” என்பதற்கு எந்தக் கட்டம்? மறுத்தார். “போர்வையை வாங்கினார், முகத்தைக்கூடப் பார்க்கவில்லை”? ஏற்றார். “மறுத்தார்” அதிகமானால் மேலே இருந்து தொலைபேசி வரும். விளைவு, கேட்டால் மறுப்பார் என்று தெரிந்தவரிடம் எதுவும் கேட்காமல் காலுறையை அருகில் வைத்துவிட்டு “ஏற்றார்” என்று குறி போடும் கலையில் குழுவே தேர்ந்துவிட்டது. நானும்தான்.

எங்கள் ஓட்டுநர், அவரும் சில ஆண்டுகள் தெருவில் இருந்தவர், சொல்கிறார்: “ஐந்தாவதாக ஒரு கட்டம் போடச் சொல்லுங்கள் சார், ‘திட்டினார்’ என்று. அதுதான் நல்ல அறிகுறி.”

நவம்பர் 24

ஓட்டுநரைப் பற்றி எழுதியதும், அவரும் குழுவில் ஒருவரா என்று இரண்டு பேர் கேட்டார்கள். ஆம், அவர் குழுவில் முழு உறுப்பினர், சம்பளமும் அப்படியே. இது எங்கள் கண்டுபிடிப்பு அல்ல. பாரிஸில் 1993-இல் மருத்துவர் சேவியர் எம்மானுவேலி தொடங்கிய சாமுசோஷியல் என்ற அமைப்பின் இரவு வண்டிகளில் ஓட்டுநர், செவிலியர், சமூகப் பணியாளர் மூவரும் சேர்ந்துதான் ஒரு குழு. அமெரிக்காவின் பிட்ஸ்பர்கில் 1992-இல் மருத்துவர் ஜிம் விதர்ஸ் இரவில் தெருவுக்கு மருத்துவம் பார்க்கப் போனபோது, முன்பு தெருவில் வாழ்ந்த ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டுதான் போனார். எந்த மூலையில் யார் இருப்பார், யாரிடம் இன்று பேசக் கூடாது என்பது படித்து வருவதில்லை. எங்கள் ஓட்டுநர் தூரத்திலிருந்து அட்டைப்பெட்டி விரித்திருக்கும் விதத்தைப் பார்த்தே, “இவர் புதியவர், இன்று சும்மா கையசைத்துவிட்டுப் போவோம்” என்பார்.

டிசம்பர் 2

நவம்பர் 5 காலையில் எழுதியதைத் திரும்பப் படித்தேன். “அவரே எடுத்த ஒரே முடிவு.” அழகாக இருக்கிறது. அந்த அழகுதான் இப்போது சங்கடப்படுத்துகிறது. நேற்று முதல் உறைபனி விழுந்தது. எழுதாமல் விட்ட பாதியை எழுதிவிடுகிறேன்.

நான்கு குளிர்காலத்துக்கு முன்னால் ஒரு பெண்மணி. எங்களுக்கு நன்றாகத் தெரிந்தவர். எப்போதும் வேண்டாம் என்பார், ஆனால் காரசாரமாக, முழு வாக்கியங்களில், என் சட்டையைப் பற்றிய விமரிசனத்தோடு. அந்த இரவு மழை நின்று குளிர் கூடியிருந்தது. கட்டட முகப்பில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மேல் சட்டையைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டு, ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தார். போர்வை தரட்டுமா என்றேன். “ம்... வேண்டா...” என்றார். நாக்கு குழறியது. குடித்திருக்கிறார் என்று நினைத்தேன். நடுங்கவில்லை, எனவே குளிரவில்லை என்றும் நினைத்தேன். அவர் முடிவை மதித்தேன். படிவத்தில் “மறுத்தார்” என்று குறி போட்டேன்.

விடியற்காலை பெருக்க வந்த தொழிலாளி ஆம்புலன்ஸை அழைத்தார். பிழைத்துக்கொண்டார். இடது காலில் இரண்டு விரல்கள் போயின.

உடலின் உள்வெப்பம் 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் குளிர் உடலைத் தாக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். ஆரம்பத்தில் நடுக்கம் இருக்கும். மேலும் இறங்கினால் நடுக்கம் நின்றுவிடும். அதை நல்ல அறிகுறி என்று நினைப்பதுதான் கொடுமை. பேச்சு குழறும், கை தடுமாறும், புத்தி மங்கும், பார்ப்பவருக்குக் குடித்தவர் போலத் தோன்றும். கடுமையானால் சிலர் உடையையே கழற்றுவார்கள், உடல் சுடுவதாக அவர்களுக்குப் படும். உண்மையாகவே குடித்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். மது தோலின் ரத்தக் குழாய்களை விரித்து உள்ளே இருக்கும் சூட்டை வெளியே விடும், ஆனால் ஆளுக்குக் கதகதப்பாகத் தெரியும்.

அந்த இரவு “வேண்டாம்” என்று சொன்னது அவரல்ல, குளிர். எனக்கு வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும். சட்டையை விமரிசிக்காத ஒரு “வேண்டாம்” அவரிடமிருந்து அதுவரை வந்ததே இல்லை.

டிசம்பர் 3

“அப்படியானால் எந்த மறுப்பை ஏற்பது, எதை ஏற்கக் கூடாது?” என்று நால்வர் கேட்டுவிட்டார்கள். சூத்திரம் எதுவும் இல்லை. நான் செய்வதைச் சொல்கிறேன். வேண்டாம் என்று பதில் சொல்ல முடியாத ஒரு கேள்வியைக் கேட்பேன். நாளைக்கு எங்கே இருப்பீர்கள்? சென்ற முறை வந்தபோது யாருடன் வந்தேன்? ஆள் தன் பாணியில் பதில் சொன்னால், திட்டினாலும், போய்விடுவேன். குழறினாலோ, பதில் கேள்வியோடு ஒட்டாவிட்டாலோ, நடுக்கம் இருக்க வேண்டிய குளிரில் நடுக்கம் இல்லாவிட்டாலோ, ஆம்புலன்ஸ். கோபித்துக்கொள்வார்கள். கோபித்துக்கொள்ளட்டும். வரும் வரை ஈர உடையை மாற்றிப் போர்த்துங்கள், தரைக்கும் உடம்புக்கும் நடுவே எதையாவது விரியுங்கள், கை கால்களைத் தேய்க்காதீர்கள், மது கொடுக்காதீர்கள்.

இன்னொன்று. தினமும் அதிகம் குடிப்பவர் கையில் பணமில்லாமல் திடீரென்று நிறுத்தியிருந்தால், “குடிக்கவில்லையா, நல்லது” என்று பாராட்டிவிட்டுப் போகாதீர்கள். கை நடுக்கம், வியர்வை, இல்லாததைப் பார்ப்பது, வலிப்பு என்று இரண்டு மூன்று நாளில் உயிருக்கே ஆபத்தாகலாம். அதுவும் மருத்துவமனைக்கு உரியதுதான்.

நலோக்சோன் என்ற மருந்தைப் பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக: ஹெராயின் போன்ற ஓபியாய்டு வகைப் போதைப்பொருளால் மூச்சு நின்றவருக்கு அது மூச்சைத் திரும்பக் கொண்டுவரும். வேறு காரணத்தால் மயங்கியவருக்குக் கொடுத்தாலும் கெடுதல் இல்லை. ஆனால் அதன் வேலை அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம்தான், உள்ளே போன போதை அதைவிட நீடிக்கலாம். எழுந்து உட்கார்ந்து “ஒன்றுமில்லை, போங்கள்” என்பார். போகாதீர்கள்.

டிசம்பர் 19

வேனின் பின்கதவு மூடவில்லை. கயிறு கட்டி ஓட்டுகிறோம். இரவில் கதவு திறக்கும் சத்தத்தை வைத்தே நாங்கள்தான் என்று எல்லோருக்கும் தெரிகிறதாம், பழுது பார்க்க வேண்டாம் என்கிறார் ஓட்டுநர்.

ஜனவரி 10

முதல் கேள்வி கேட்டவருக்கு. நீங்கள் எழுதியதைப் பார்த்தேன். இருபத்தாறாவது முறை மேம்பாலத்துக்காரர், “மணி என்ன, தம்பி?” என்று கேட்டாரா? நீங்கள் மணியைச் சொல்லிவிட்டு, மூச்சு விடாமல் காப்பகம், அடையாள அட்டை, மருத்துவ முகாம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டீர்களாம், அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டாராம்.

எல்லோரும் செய்வதுதான். மணி கேட்டால் மணியைச் சொல்லுங்கள். அடுத்த முறை போகும்போது கைக்கடிகாரம் கட்டிக்கொண்டு போங்கள்.

எந்த நாள் வருவேன் என்று சொன்னீர்களோ அந்த நாள் போங்கள். வர முடியாது என்றால் முன்பே சொல்லுங்கள். “அடுத்த வாரம் பார்ப்போம்” என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதைவிட ஒன்றும் சொல்லாமல் வருவது மேல். இதைச் சொல்லும் நானே ஒருமுறை ஒருவரிடம் புதன்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டுக் காய்ச்சலில் படுத்துவிட்டேன். அவர் புதன் முழுவதும் இடத்தை விட்டு நகரவில்லை என்று பிறகு தெரிந்தது.

ஜனவரி 11

அடையாள அட்டை பற்றி நீங்கள் அவசரப்பட்டதிலும் நியாயம் இருக்கிறது. அட்டை வாங்க முகவரி கேட்பார்கள், முகவரிக்கு வீடு வேண்டும், வீட்டுக்கு அட்டை வேண்டும். இந்தச் செக்குமாட்டுச் சுற்றைச் சுற்றி முடித்து, ஏழு மாதம் கழித்து ஒருவருக்கு அட்டை வாங்கிக் கொடுத்தோம். மூன்றாம் வாரம் நடைபாதையைச் “சுத்தம்” செய்தார்கள். பை, மருந்து, அட்டை, இறந்துபோன மகளின் படம், எல்லாம் குப்பை வண்டியில் போயிற்று. அன்று அவர் மருத்துவமனையில் வரிசையில் நின்றிருந்தார், நாங்கள் அனுப்பித்தான் போயிருந்தார்.

அன்றிலிருந்து, உரியவர் சம்மதித்தால், ஒவ்வொரு தாளுக்கும் நகல் எடுத்து அலுவலகத்தில் பூட்டி வைக்கிறோம். மகளின் படத்துக்கு நகல் எடுக்க எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. இப்போது அதைத்தான் முதலில் கேட்கிறேன்: படம் ஏதாவது இருக்கிறதா?

ஜனவரி 29

நகவெட்டிக்காரருக்கு வீடு கிடைத்துவிட்டது. நவம்பரில் சொல்லியிருக்கலாம், கை கூடாமல் போனால் என்ன செய்வது என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஓர் அறை, ஒரு சிறிய சமையலறை, உள்ளே தாழ்ப்பாள்.

முதல் வாரம் கட்டிலில் படுக்கவில்லை. கதவோரம் தரையில், காலணியோடு. நான்காம் நாள் இரவு பழைய இடத்துக்கே போய்த் தூங்கியிருக்கிறார். அங்கே அவருக்கு ஆட்கள் இருக்கிறார்கள், அறையில் நான்கு சுவர்தான். “பழக்கதோஷம், திருந்த மாட்டார்” என்றார் அலுவலகத்தில் ஒருவர். நான் அப்படி நினைக்கவில்லை. நாமும் வீடு மாறினால் பழைய தெரு வழியாக ஒருமுறையாவது போய் வருவோம். வீடு புகுந்தவரைக் கைவிடாமல் ஒன்பது மாதம், முதலில் நெருக்கமாக, பிறகு மெல்ல மெல்ல விலகித் தொடர்வது என்ற ஒரு முறை நியூயார்க்கில் உருவாகிப் பல இடங்களில் நடக்கிறது. எங்களுக்கு ஒதுக்கியது ஆறு வாரம். மிச்சத்துக்கு ஓட்டுநரும் நானும் விடுமுறை நாட்களில் முறை போட்டுக்கொண்டிருக்கிறோம்.

பிப்ரவரி 6

நேற்று வியாழன். சொன்ன நேரத்துக்குப் போய்க் கதவைத் தட்டினேன். உள்ளே வானொலி ஓடியது. தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது, கதவு ஒரு சாண் திறந்தது. கால்களில் காலணி இல்லை, நகங்கள் வெட்டியிருந்தன.

“இன்று வேண்டாம், தம்பி. தூக்கம் வருகிறது” என்றார். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.

வேனுக்குத் திரும்பி வந்து படிவத்தை எடுத்து, “மறுத்தார்” கட்டத்தில் குறி போட்டேன். ஓட்டுநர் எட்டிப் பார்த்துவிட்டு, “திட்டினாரா?” என்று கேட்டார். இல்லை என்றேன்.